விளக்கோடு தேடிப் போனவர்கள்: டெனசியில் எட்டு நாள்

முதல் நாள், நவம்பர் 25

காலை ஆறரைக்கெல்லாம் ஜார்ஜியா மாநிலத்துக் கென்னசாவிலிருந்து கிளம்பிவிட்டோம். இவர் வண்டி ஓட்ட, நான் பக்கத்தில், பின் சீட்டில் பாட்டி. பாட்டி எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மா, வயது 78. எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது அவரைப் பாட்டி என்று கூப்பிட ஆரம்பித்தாள். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அன்றிலிருந்து வேறு பெயர் சொல்லிக் கூப்பிட விடுவதில்லை.

பாட்டியின் கொள்ளுத்தாத்தா, அதாவது அவர் தாத்தாவின் அப்பா, 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் நின்ற கான்ஃபெடரேட் சிப்பாய். டெனசி மாநிலத்தில் மரி கவுண்ட்டிக்காரர். பாட்டி வீட்டுக் கூடத்தில் அவர் படம் மாட்டியிருக்கும். தாடி, இறுக்கி மூடிய வாய், நம்மைத் தாண்டி எங்கோ பார்க்கிற கண். "அவர் நடந்த வழியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் அது கூடி வந்தது.

கொள்ளுத்தாத்தாவைப் பற்றிப் பாட்டியிடம் இருப்பது அந்தப் படமும், ஒரு பென்ஷன் மனுவின் நகலும், குடும்ப பைபிளும்தான். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? அதனால் பக்கத்துக் கவுண்ட்டியிலிருந்து போருக்குப் போன இன்னொருவரின் தடத்தைப் பிடித்துப் போகலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அவர் பெயர் டாட் கார்டர். 20ஆவது டெனசி காலாட்படையில் கேப்டன். அவருடைய வாழ்க்கையும் குடும்பக் கதையும் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. அவர் வீடும் இன்றைக்கும் நிற்கிறது.

டால்டனைத் தாண்டி, பத்து மணி வாக்கில் சட்டனூகா. நேராக மிஷனரி ரிட்ஜ் மேலே ஏறினோம். 1863இல் இதே நவம்பர் 25 அன்று வடக்குப் படை இந்த மலை முகட்டின் மேல் ஏறி வந்து தெற்குப் படையைச் சிதறடித்தது. டாட் கார்டர் இங்கேதான் பிடிபட்டார். இப்போது முகடு முழுக்க வீடுகள். குறுகலான ஒரு சாலை, இரண்டு பக்கமும் நல்ல பெரிய வீடுகள், அவற்றின் புல்தரைக்கு நடுவே பீரங்கிகளும் போர்ப்பலகைகளும். ஒரு வீட்டு வாசலில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் நின்றது.

பிடிபட்ட கேப்டனை ஈரி என்ற ஏரியின் பக்கம் இருக்கும் ஜான்சன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஒஹாயோ மாநிலத்தில் அதிகாரிகளை அடைத்து வைத்த சிறை அது. 1864 பிப்ரவரியில் வேறு சிறைக்கு மாற்ற ரயிலில் ஏற்றிப் போகும்போது, பென்சில்வேனியாவில், ஓடுகிற ரயிலின் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பிவிட்டார். எதிரி நாடு, பனிக்காலம், கையில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து சுற்றிச் சுற்றி மெம்ஃபிஸ் வழியாக வந்து, நாங்கள் காலையில் கடந்த அதே டால்டனில் தன் படையோடு சேர்ந்துகொண்டார்.

பாட்டி கேட்டார்: "தப்பித்தவர் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாமே?"

வீடு இருந்த பிராங்க்ளின் நகரம் அப்போது வடக்குப் படையின் கையில் இருந்தது. போயிருந்தால் மறுபடி பிடித்திருப்பார்கள். ஆனாலும் பாட்டி கேட்டது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. பதில் நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ கிடைக்கும் என்று சொல்லிவைத்தேன்.

இன்னொரு விஷயம். டாட் போருக்குப் போவதற்கு முன்பு வக்கீலாக இருந்தவர். படையில் இருந்துகொண்டே சட்டனூகாவின் பத்திரிகை ஒன்றுக்கு 'மின்ட் ஜூலெப்' என்ற புனைபெயரில் முகாம் செய்திகளை எழுதி அனுப்பியிருக்கிறார். மின்ட் ஜூலெப் என்பது புதினா போட்ட, தெற்கத்திக்காரர்கள் வெயில் காலத்தில் குடிக்கும் ஒரு மதுபானம். இருபத்து மூன்று வயதுப் பையன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். எனக்கு அவரை மனிதராகப் பார்க்க வைத்தது இந்தப் பெயர்தான்.

இரண்டாம் நாள், நவம்பர் 26

சட்டனூகாவிலிருந்து நாஷ்வில் 135 மைல் இருக்கும். வழியில் நேரக்கோடு மாறி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்ததில் ஆவணக்காப்பகம் திறக்கும் நேரத்துக்கே போய்விட்டோம். டெனசி மாநில நூலகமும் ஆவணக்காப்பகமும் ஒரே கட்டடம். 2021இல் திறந்த புதுக் கட்டடம், பளபளவென்று இருக்கிறது.

முதலில் பென்ஷன் மனு. கான்ஃபெடரேட் அரசாங்கம் 1865இலேயே இல்லாமல் போய்விட்டதே, யார் பென்ஷன் கொடுத்தார்கள் என்று நான் முன்பு குழம்பியிருக்கிறேன். அந்தந்த மாநிலங்கள் கொடுத்திருக்கின்றன. டெனசியில் ஊனமுற்ற, வசதியில்லாத சிப்பாய்களுக்கு 1891இல் சட்டம் போட்டார்கள். விதவைகளுக்கு 1905இல். படையோடு சமையல்காரர்களாகவும் எடுபிடிகளாகவும் கொண்டுபோகப்பட்ட கறுப்பின ஆட்களுக்கு 1921இல்தான். போர் முடிந்து 56 வருடம் கழித்து. அப்போது அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

பாட்டியின் கொள்ளுப்பாட்டி, கணவர் போன பிறகு போட்ட விதவை மனுவின் மூலத்தை மைக்ரோஃபிலிமில் பார்த்தோம். வீட்டில் இருந்த நகல் மங்கலானது. இது தெளிவாக இருந்தது. சொத்து என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு "பசு 1, வீட்டுச் சாமான்" என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. இரண்டு கோடும் சரியாகச் சேரவில்லை, ஒரு கோடு நடுவில் நடுங்கியிருக்கிறது. பாட்டி திரையில் அந்தக் குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். கொள்ளுப்பாட்டிக்கு எழுதத் தெரியாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லையாம்.

அப்புறம் இந்தக் காப்பகத்தின் பொக்கிஷம் ஒன்று இருக்கிறது. 1914இல் தொடங்கி, நடுவில் நின்று, 1922 வரைக்கும் உயிரோடிருந்த பழைய சிப்பாய்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார்கள். சுமார் 1,650 பேர் பதில் எழுதினார்கள். சண்டையைப் பற்றி மட்டுமா கேட்டார்கள் என்றால் இல்லை. நீங்கள் இருந்தது மரக்கட்டை வீடா, பலகை வீடா, எத்தனை அறை? சின்ன வயதில் என்ன வேலை செய்தீர்கள், ஏர் ஓட்டினீர்களா, மண்வெட்டி பிடித்தீர்களா? அப்பா என்ன வேலை செய்தார்? அம்மா சமைத்தாரா, நூல் நூற்றாரா, துணி நெய்தாரா? அடிமை வைத்திருந்தவர்கள் வைத்திருக்காதவர்களோடு சமமாகப் பழகினார்களா? போர் முடிந்து வீடு திரும்பிய பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள். இப்படிப் போகிறது. போர் வரலாற்றில் ஒரு சிப்பாயின் அம்மா நூல் நூற்றாளா என்று கேட்கத் தோன்றியவர்களை நான் கும்பிடுகிறேன்.

அந்தத் தாளில் இன்னொரு கேள்வியும் உண்டு. நீங்களோ உங்கள் பெற்றோரோ அடிமைகள் வைத்திருந்தீர்களா, எத்தனை பேர்?

பாட்டியின் கொள்ளுத்தாத்தா இந்தக் கேள்வித்தாள் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆனால் கேள்வியைப் படித்த பாட்டி எழுந்து போய், 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலைக் காட்ட முடியுமா என்று அங்கே இருந்தவரிடம் கேட்டார். நானோ இவரோ தூண்டவில்லை. அவர் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை, "நாங்கள் ஏழைக் குடியானவர்கள்" என்றுதான் கேட்டு வளர்ந்திருக்கிறார்.

அந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உரிமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே ஓர் ஆளுக்கு ஒரு வரி. வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். பெயர் கிடையாது.

கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயருக்குக் கீழே மூன்று வரிகள் இருந்தன. பெண், 30. பெண், 9. ஆண், 4.

பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நகல் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், நவம்பர் 27

தேங்க்ஸ்கிவிங். எல்லாம் மூடியிருந்தது. நாஷ்வில்லில் இவருடைய சித்தி மகன் வீட்டில் சாப்பாடு. வான்கோழிக்குப் பதில் கோழிப் பிரியாணி. பாட்டி மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடிக்கொண்டிருந்தார். இன்றைக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை.

நாலாம் நாள், நவம்பர் 28

மரி கவுண்ட்டி. கொலம்பியா நகரத்துக்கு மேற்கே சயன் பிரஸ்பிடீரியன் தேவாலயம். 1849இல் கட்டிய செங்கல் கோவில், பக்கத்திலேயே பழைய கல்லறைத் தோட்டம். குளிர் காற்று முகத்தில் அறைந்தது.

இங்கே சாம் வாட்கின்ஸ் இருக்கிறார். 1ஆவது டெனசிப் படையில் சாதாரண சிப்பாய். ஷைலோ, பெரிவில், மர்ஃப்ரீஸ்பரோ, சிக்கமாகா, எங்கள் ஊர்க் கென்னசா மலை, அட்லாண்டா, பிராங்க்ளின், நாஷ்வில் என்று நாலு வருடச் சண்டையும் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பினவர். அவருடைய கம்பெனியில் 120 பேர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 1865 ஏப்ரலில் சரணடைந்தபோது மீதி இருந்தது 7 பேர். ஏழு.

திரும்பி வந்ததும் காதலித்த ஜென்னியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். எட்டுக் குழந்தைகள். போர் முடிந்து பதினாறு வருடம் கழித்து, 1881-82இல், தன் நினைவுகளை ஊர்ப் பத்திரிகையில் தொடராக எழுதினார். குழந்தைகள் முழங்காலைச் சுற்றி மொய்த்துக்கொண்டும் முழங்கையில் இடித்துக்கொண்டும் இருக்க உட்கார்ந்து எழுதுகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்கிறார். தளபதிகள் எழுதிய நினைவுக்குறிப்புகளில் எனக்கு இந்த முழங்கை கிடைத்ததே இல்லை. பக்கத்தில் கூட நின்றவன் செத்து விழுந்ததையும், வயிறு காய்ந்ததையும் எழுதுகிற கையை ஒரு குழந்தை இடித்துக்கொண்டே இருக்கிறது.

1862இல் வந்த கட்டாய ராணுவச் சட்டத்தைப் பற்றி அவருக்குக் கடுங்கோபம். ஒரு வருடத்துக்கு என்று சேர்ந்தவர்களைப் மூன்று வருடம் முடியும் வரைக்கும் போக விடமாட்டோம் என்றார்கள். அதே வருடம் அக்டோபரில் இன்னொரு சட்டம் வந்தது. இருபதோ அதற்கு மேலோ அடிமைகள் இருக்கும் பண்ணையில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம், படைக்கு வர வேண்டாம். பணக்காரன் போடுகிற போருக்கு ஏழை சாகிறான் என்று சிப்பாய்கள் முகாமில் பேசிக்கொண்டார்கள். கணவன் முகாமில், மனைவி தனியாகச் சோளக்காட்டில். பசி என்று மனைவி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவர்கள் எத்தனையோ பேர். பிடிபட்டால் சுட்டுக் கொல்லுவார்கள் என்று தெரிந்தேதான் போனார்கள்.

வாட்கின்ஸ் கல்லறை எளிமையாக இருக்கிறது. 1839இல் பிறந்து 1901இல் இறந்தார். இதே இடத்தில், அடிமைகளாக இருந்தவர்களைப் புதைத்த பகுதி தனியாக இருக்கிறது. பாட்டி அங்கேயும் போக வேண்டும் என்றார். ஈரப் புல்லில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பாட்டியின் கொள்ளுத்தாத்தா கல்லறையும் இதே கவுண்ட்டியில் ஒரு சின்னக் கோவில் தோட்டத்தில்தான். மாலை நாலு மணிக்குக் கண்டுபிடித்தோம். கல் சாய்ந்திருந்தது. இவர் வண்டியிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்து நிமிர்த்தட்டுமா என்று கேட்டார். "வேண்டாம்பா, விடு, உடைந்துவிடப் போகிறது" என்றார் பாட்டி. பாசியைத் துணியால் துடைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பெக்கான் கொட்டைகளை நாலைந்து கல்லின் மேல் வைத்தார். நம் ஊரில் நடுகல்லுக்குக் கள்ளும் பூவும் வைத்தார்கள். இது பாட்டி வீட்டு மரத்துக் கொட்டை.

ஐந்தாம் நாள், நவம்பர் 29

தங்கிய விடுதியில் இரவு முழுக்க ஹீட்டர் வேலை செய்யவில்லை. பாட்டிக்கு லேசாக இருமல். அதனால் இன்று அதிகம் அலையவில்லை. ஸ்பிரிங் ஹில் வரைக்கும் மட்டும் போய் வந்தோம்.

1864 நவம்பர் 29 இரவு இங்கே நடந்ததுதான் மறுநாள் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம். ஜெனரல் ஹூட் தலைமையில் தெற்குப் படை, ஸ்கோஃபீல்டு தலைமையில் வடக்குப் படை. ஸ்பிரிங் ஹில்லில் ஹூட் எதிரியின் பாதையை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. தெற்குச் சிப்பாய்கள் குளிருக்கு நெருப்பு மூட்டிப் படுத்திருக்க, அந்த நெருப்பு கண்ணில் படுகிற தூரத்தில் வடக்குப் படை முழுக்க ராத்திரியோடு ராத்திரியாகப் பிராங்க்ளினுக்கு நழுவிப் போய்விட்டது. விடிந்ததும் ஹூட்டுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது நாளைக்கு.

ஆறாம் நாள், நவம்பர் 30

பிராங்க்ளின். இந்த ஒரு நாளுக்காகத்தான் வந்தேன்.

முதலில் ஊருக்குத் தெற்கே வின்ஸ்டெட் குன்று. அன்று மத்தியானம் ஹூட் நின்று பார்த்த இடம். இங்கிருந்து கார்டர் வீட்டுக்கு இரண்டு மைல், நடுவில் மறைவே இல்லாத வெட்டவெளி. ஹார்பெத் ஆற்றுப் பாலங்கள் சரியாகும் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்ததால், வடக்குப் படை ஊருக்கு முன்னால் மண் அணை எழுப்பி உள்ளே உட்கார்ந்துவிட்டது. அந்த அணையின் நடுப்பகுதி கார்டர் குடும்பத்தின் தோட்டத்துக்குள் ஓடியது.

டாட் கார்டர் இந்தக் குன்றிலிருந்து தன் வீட்டைப் பார்த்திருப்பார். மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று அந்த வீட்டை விட்டுப் போய். தளபதி தாமஸ் பென்டன் ஸ்மித்திடம் பணியாற்றிக்கொண்டிருந்தார். படைக்குச் சாப்பாடு, துணிமணி, வண்டி எல்லாம் ஏற்பாடு செய்கிற துணை குவார்ட்டர்மாஸ்டர் வேலை. அந்த வேலைக்காரர் சண்டையில் முன்னால் போக வேண்டிய அவசியமே இல்லை. பின்னால் இருந்திருக்கலாம்.

கார்டர் வீடு 1830இல் கட்டிய செங்கல் வீடு. ஃபவுன்டன் பிராஞ்ச் கார்டர் என்பவர் கட்டினார். பன்னிரண்டு குழந்தைகள். மனைவி 1852இல் இறந்துபோனார். டாடுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூன்று பிள்ளைகள் 20ஆவது டெனசிப் படைக்குப் போனார்கள். பெரியவர் மாஸ்கோ, லெப்டினன்ட் கர்னல். 1862 ஜனவரியில் கென்டக்கியில் பிடிபட்டு, பரோலில், அதாவது சண்டைக்குத் திரும்ப மாட்டேன் என்ற வாக்கின் பேரில், வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவியை இழந்தவர், குழந்தைகளோடு அப்பா வீட்டில் இருந்தார். இன்னொரு தம்பி ஃபிரான்சிஸ் ஷைலோவில் படுகாயம் பட்டவர். கடைசியாகப் படையில் மிஞ்சி இருந்தது டாட்.

இந்த வீடு பருத்தி ஆலையும் நிலமுமாக நிமிர்ந்து நின்றது என்றால், அதன் உழைப்பு யாருடையது? 1860இல் இங்கே 28 பேர் அடிமைகளாக இருந்தார்கள். வழிகாட்டி இதை மழுப்பாமல், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே சொன்னார். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டு, "இருபத்தெட்டு வரி" என்றார்.

காலையிலேயே வடக்குத் தளபதி காக்ஸ் வந்து வீட்டு முன்னறையைத் தன் அலுவலகமாக எடுத்துக்கொண்டார். மாலை நாலு மணிக்குத் தாக்குதல் தொடங்கியதும் குடும்பம் முழுக்க நிலவறைக்குள் இறங்கியது. கார்டர் குடும்பத்துப் பெண்கள், குழந்தைகள், அடிமைகளாக இருந்தவர்கள், எதிர்வீட்டு ஜெர்மன் தச்சர் லோட்ஸும் அவர் மனைவி மக்களும். லோட்ஸின் வீடு மரவீடு, குண்டுக்குத் தாங்காது என்று சாலையைக் கடந்து ஓடிவந்தார்கள். இருபது பேருக்கு மேல்.

அந்த நிலவறைக்குள் இன்று நான் நின்றேன். கூரை தாழ்வு, இவர் குனிந்துகொண்டுதான் வந்தார். சின்ன ஜன்னல், சுண்ணாம்பு வாசனை. ஐந்து மணி நேரம் இதற்குள். மேலே கதவை உடைக்கிற சத்தம், செங்கல்லில் ஈயம் அறைகிற சத்தம், குழந்தைகளின் அழுகை. தலைக்கு மேல் சுட்டுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன் தங்கள் வீட்டுப் பையன் என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது.

டாட் குதிரை மேல் இருந்தார். "நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், பின்னால் வாருங்கள்" என்கிற மாதிரி கத்திக்கொண்டு பாய்ந்தார் என்று சொல்லிவருகிறார்கள். வீட்டுக்குச் சில நூறு அடி தூரத்தில் விழுந்தார்.

சண்டை முடிந்து நள்ளிரவுக்குப் பிறகு வடக்குப் படை ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது. தளபதி ஸ்மித் கதவைத் தட்டி, உங்கள் மகன் அடிபட்டு வெளியே கிடக்கிறான் என்று சொன்னார். 67 வயது அப்பா, அவருடைய பெண்கள், வீட்டுப் பெண்கள், கையில் விளக்கோடு இருட்டில் இறங்கினார்கள். அந்த நிலத்தில் கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள் கிடந்தார்கள். ஒவ்வொரு முகமாக விளக்கைக் காட்டிக் காட்டித் தேடியிருக்கிறார்கள்.

மகன் கிடைத்தான். உயிர் இருந்தது. வீட்டுக்குள் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். அவருடைய படைப்பிரிவின் மருத்துவர் டீரிங் ராபர்ட்ஸ் தலையிலிருந்து குண்டை எடுத்தார். டிசம்பர் 2ஆம் தேதி டாட் இறந்தார். வயது 24.

தோட்டத்தில் பண்ணை அலுவலகமாக இருந்த சின்ன மரக்கட்டடம் ஒன்று இருக்கிறது. தெற்கே பார்த்த சுவர் முழுக்க ஓட்டை. வீடும் இந்தக் கட்டடங்களுமாகச் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட குண்டுத் தடங்கள் இன்னும் இருக்கின்றனவாம். நான் ஓர் ஓட்டையைக் கிட்டே போய்ப் பார்த்தேன். வெளிப்பக்கம் பட்டாணி அளவு. உள்ளே போய்ப் பார்த்தால் மரம் பிய்ந்து, நார் நாராகப் பூ மாதிரி விரிந்திருக்கிறது. அந்த வழியாக வந்த மாலை வெயில் எதிர்ச்சுவரில் ஒரு சின்ன வட்டமாக விழுந்தது. இவர் அந்த வெளிச்சத்தில் கையைக் காட்டிப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் விளக்கேற்றல். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் 10,000 விளக்குகள், இரண்டு பக்கத்திலும் செத்தவர், அடிபட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. தெற்குப் பக்கம் மட்டும் 6,000க்கு மேல், அதில் 1,750 பேர் அங்கேயே செத்தவர்கள். ஆறு தெற்குத் தளபதிகள் இந்த ஒரு சண்டையில் உயிர்விட்டார்கள். எண்ணாகப் படிப்பது வேறு. வெள்ளைக் காகிதப் பைகளுக்குள் எரியும் சுடர்கள் இருட்டில் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும்போது, கார்த்திகை அன்று எங்கள் தெருவைப் பார்த்து நின்ற ஞாபகம் வந்தது, கூடவே தொண்டை அடைத்தது. பாட்டி என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அன்றைக்குக் கேட்டேனே, ஏன் நேரே வீட்டுக்குப் போகவில்லை என்று. இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறான், இல்லையா?"

ஏழாம் நாள், டிசம்பர் 1

கார்ன்டன். மெக்காவக் குடும்பத்தின் பெரிய பண்ணை வீடு, போர்க்களத்தின் கிழக்கு ஓரம். அன்றிரவு முழுக்க மருத்துவமனையாக இருந்தது. மாடி அறைகளில் மரத்தரையில் ரத்தக் கறை இன்னும் தெரிகிறது. செத்த ஆறு தளபதிகளில் நாலு பேருடைய உடலைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தார்கள்.

வீட்டுக்குப் பின்னால் கல்லறை. போரில் செத்தவர்களை அவசர அவசரமாகக் கார்டர் நிலத்தில் ஆழமில்லாமல் புதைத்திருந்தார்கள். 1866இல் மரப்பலகைகளில் எழுதியிருந்த பெயர்கள் அழிய ஆரம்பித்தன. மெக்காவக் தம்பதி இரண்டு ஏக்கர் நிலம் கொடுத்தார்கள், ஊர் மக்கள் பணம் போட்டார்கள், ஓர் உடலுக்கு 5 டாலர் கூலி என்று தோண்டி எடுத்து 1,481 பேரை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மாநிலம் மாநிலமாக வரிசை. மிசிசிப்பிக்காரர்கள்தான் அதிகம், 424 பேர். யார் எங்கே என்பதை எழுதிவைத்த நோட்டை கேரி மெக்காவக் 1905இல் இறக்கும் வரைக்கும் தன்னிடம் வைத்திருந்து, மகனையோ கணவனையோ தேடி வந்தவர்களுக்குப் பார்த்துச் சொன்னார். ஊர்ப் பெயர் தெரியாத ஒரு தாய் நானூறு மைல் தாண்டி வந்து நின்றால், இந்த வரிசையில் இத்தனையாவது கல் என்று கைகாட்ட ஓர் ஆள் இருந்தார்.

மத்தியானம் ஊர்ச் சதுக்கத்தில் காப்பி. நடுவில் 1899இல் வைத்த கான்ஃபெடரேட் சிப்பாயின் சிலை. அதைச் சுற்றி 2019இல் வைத்த பலகைகள் இந்த ஊரில் மனிதர்கள் விற்கப்பட்டதைச் சொல்கின்றன. பழைய நீதிமன்றத்துக்கு முன்னால் 2021இல் நிறுவிய சிலை ஒன்று, வடக்குப் படையில் சேர்ந்து போரிட்ட கறுப்பினச் சிப்பாயுடையது. பாட்டி இரண்டு சிலைக்கும் முன்னால் போய் நின்றார். எந்தச் சிலைக்கு முன்னால் அதிக நேரம் நின்றார் என்பதை நான் கவனித்தேன். கறுப்பினச் சிப்பாயின் காலணிக் கயிறு வரைக்கும் குனிந்து பார்த்தார்.

எட்டாம் நாள், டிசம்பர் 2

டாட் கார்டர் இறந்த நாள். வீடு திரும்பும் முன் ரெஸ்ட் ஹேவன் கல்லறைக்குப் போனோம், அவரை அடக்கம் செய்த இடம். காலை பனி இன்னும் புல்லில் வெள்ளையாக இருந்தது. வேறு யாரும் வரவில்லை.

கதவைத் தட்டிச் செய்தி சொன்ன தளபதி ஸ்மித் என்ன ஆனார் என்று இவர் கேட்டார். பதினாறே நாளில், டிசம்பர் 16 அன்று நாஷ்வில்லில் பிடிபட்டார். சரணடைந்த பிறகு வடக்கு அதிகாரி ஒருவர் வாளால் மண்டையில் அடித்தார். வயது 26. மூளை கலங்கிப்போய், பிற்பாடு பல பத்தாண்டுகளை மனநல விடுதியில் கழித்து 1923இல் இறந்தார்.

இவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கிளம்பலாமா பாட்டி?" என்றார்.

"கொஞ்சம் இரப்பா."

பாட்டி வண்டியில் உட்கார்ந்து, மடியில் குடும்ப பைபிளைத் திறந்தார். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எழுதுகிற பக்கங்கள். கொள்ளுத்தாத்தா பெயர் பழுப்பு மையில் இருக்கிறது. அவருடன் பிறந்தவர்கள், அவர் பிள்ளைகள், அதற்குக் கீழே பாட்டியின் அப்பா, பாட்டி. ஆவணக்காப்பகத்து நகலைப் பக்கத்தில் விரித்துக்கொண்டார். என்னிடம் பென்சில் கேட்டார்.

பிறப்புப் பக்கத்தின் கீழே மீதி இருந்த இடத்தில் மூன்று வரி எழுதினார். பெண், 1830 வாக்கில். பெண், 1851 வாக்கில். ஆண், 1856 வாக்கில். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

"வசந்தத்தில் அந்தக் காப்பகத்துக்கு இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு வருவீர்களா?" என்று கேட்டார். விடுதலைக்குப் பிறகு பதிவான கல்யாணங்கள், வங்கிக் கணக்குகளில் தேடலாமாம், அங்கே இருந்தவர் சொன்னாராம்.

"மார்ச்சில் லீவு போடுகிறேன் பாட்டி" என்றார் இவர்.